பந்தியும் பலகையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் 'குழந்தை வளர்ப்பும் கல்வியும்' என்னும் பொருள்பற்றி அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. கோயிலுக்குக் கொடை என்றால் வரி கொடுப்பார்கள். கல்யாணம் என்றால் மொய் எழுதுவார்கள். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை படிப்பதற்காகத் தம் கூலியிலிருந்து ஒரு பங்கை மாதந்தோறும் எடுத்து வைப்பதற்குத் தனி மனம் வேண்டும். அந்த மனத்தோடு இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களை நன்றியோடு நினைவுகூர்ந்து என் உரையைத் தொடங்குகின்றேன்.

எனக்குத் தரப்பட்ட பொருள் 'குழந்தை வளர்ப்பும் கல்வியும்' என்பது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இப்பொருள்பற்றிப் புரோபலையும் மாண்டிசோரியையும் படித்தோம். குழந்தை ஒரு செடி போன்றது, அதற்கேற்ற மண்ணும் நீரும் அமைத்துக் கொடுப்பதே ஆசிரியன் பணி என்றார் புரோபல். குழந்தையின் கைக்கு வேலை கொடுத்தால் அறிவு தானே விழித்தெழும் என்றார் மாண்டிசோரி அம்மையார். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கே வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதே அடையாற்றில்தான், அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1894இல், கர்னல் ஆல்காட் நம் மக்களின் பிள்ளைகளுக்கென்று ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிற பள்ளிகளின் வாசல் நம் பிள்ளைகளுக்குத் திறவாதிருந்த காலம் அது.

மேனாட்டு அறிஞர்கள் கூறியவை யாவும் மெய்யே. ஆயினும் அவர்தம் நூல்களில் காணக் கிடைக்காத ஒரு கேள்வி நம் பிள்ளைகளின் நெஞ்சில் உண்டு. பள்ளியில் கால் வைத்த முதல் நாளே அக்கேள்வி எழுகின்றது. 'நான் எங்கே உட்கார வேண்டும்?' என்பதே அது. இக்கேள்விக்கு நாம் என்ன விடை தருகின்றோம் என்பதைப் பொறுத்தே நம் பிள்ளையின் வளர்ச்சி அமைகின்றது. ஆகவே அதனையே என் உரையின் நடுப்பொருளாகக் கொள்கின்றேன்.

இடம் கற்பிக்கும் பாடம்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் இளமைப் பருவத்தை இங்குள்ள இளைஞர்கள் அறிவார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு அமர அவருக்கு இடமில்லை. அமர்வதற்கு வீட்டிலிருந்தே ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுசெல்வார். மாலையில் அதனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார். பள்ளித் தண்ணீர்க் குழாயைத் தொடக் கூடாது. பியூன் திறந்துவிட்டால் குடிக்கலாம். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். பிற்காலத்தில் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்று, இந்நாட்டின் அரசியல் சட்டத்தை வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கிய பின்னரும், அச்சாக்கை அவர் மறக்கவில்லை, எழுதியே வைத்தார்.

ஏன் மறக்கவில்லை? அன்று நடத்தப்பட்ட கணக்கும் வரலாறும் ஆயிரம் பிள்ளைகளுக்கு மறந்து போயிருக்கும். ஆனால் உட்கார்ந்த இடம் மறப்பதில்லை. பாடத்தைப் பிள்ளை காதால் கற்கின்றது. தன் இடத்தையோ உடம்பால் கற்கின்றது. 'எல்லாரும் சமம்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ஒரு பிள்ளையை மட்டும் ஓரத்தில் உட்கார வைத்தால், பிள்ளை நம்புவது பலகையை அன்று; ஓரத்தையே நம்பும்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் வடக்கே போக வேண்டியதில்லை. நம் பொருநை ஆற்றங்கரையிலேயே, கன்னடியன் கால்வாய் பாயும் சேரன்மாதேவியிலேயே உண்டு.

சேரன்மாதேவிக் குருகுலம்

வ.வே.சு. ஐயர் பெரிய மனிதர். இலண்டனில் சட்டம் படிக்கச் சென்று, நாட்டு விடுதலைக்காக அதனைத் துறந்தவர், பாரதியாருக்கும் வ.உ. சிதம்பரனாருக்கும் தோழர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். வெள்ளையர் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி வேண்டும் என்று கருதிச் சேரன்மாதேவியில் 1922இல் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். தமிழ்ப் படிப்பும், கைத்தொழிலும், உடற்பயிற்சியும் அங்கு அளிக்கப்பட்டன. தமிழ்நாட்டுக் காங்கிரசு அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, ஐயாயிரத்தை முதலில் கொடுத்தது. நோக்கம் உயர்ந்தது, பாடத்திட்டமும் சிறந்ததே.

ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவர்க்குத் தனியே உணவு படைக்கப்பட்டது. அப்பிள்ளைகளின் பெற்றோர் அவ்வாறு கேட்டுக்கொண்டார்கள். ஐயரும் வாக்குக் கொடுத்துவிட்டார். செய்தி வெளியே பரவிற்று. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் இரண்டு பந்தியா என்று பெரியார் ஈ.வெ. ராமசாமி, டாக்டர் வரதராஜுலு நாயுடு முதலியோர் கேட்டார்கள். காந்தியடிகள் 1925இல் தமிழ்நாட்டிற்கு வந்தபோது, வாக்குக் கொடுத்துவிட்ட அவ்விருவரைமட்டும் விட்டுவிட்டு, இனிச் சேரும் பிள்ளைகள் அனைவரும் ஒன்றாகவே உண்ணட்டும் என்று சமரசம் கூறினார். யாருக்கும் நிறைவில்லை. பிறப்பால் வேற்றுமை பாராட்டும் வழக்கம் தேசிய நிறுவனங்களில் கூடாதென்று காங்கிரசுக் குழுவில் எஸ். இராமநாதன் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறிற்று. அதன்மேல் சிலர் பதவி விலகினர். அவ்வாண்டு சூன் திங்களில் பாபநாசத்தை அடுத்த கலியாண தீர்த்தத்து அருவியில் வீழ்ந்த தம் மகளைக் காக்க முயன்று ஐயரும் உயிர் துறந்தார். குருகுலம் தளர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டின் வரலாறே திசை திரும்பிற்று.

இதனை நான் யாரையும் பழிப்பதற்காகக் கூறவில்லை. ஐயரின் தியாகம் ஐயத்திற்கு இடமற்றது. நாம் எண்ண வேண்டியது வேறு. உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவரால்கூட இரண்டு இலைகளை ஒரே வரிசையில் போட முடியாமற் போயிற்று. மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வழக்கு பிராமணர், பிராமணரல்லாதார் என்னும் இருவர் வழக்காகவே நாடெங்கும் பேசப்பட்டது. மூன்றாவதாக நிற்கும் நம் பிள்ளைகளுக்கு எந்தப் பந்தியில் இடம் என்ற கேள்வி, அந்தப் பேரொலியில் மெல்லிய குரலாகவே இருந்தது. அக்குரலை உரக்க எழுப்பியவர்கள் நம் முன்னோர். ஆசிரியராய்ப் பணியாற்றிய எம்.சி. ராஜா அவர்கள் சட்டமன்றத்தில் எழுப்பினார்; இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிலேயே எழுப்பினார். இழிபெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று அரசு ஏடுகளில் எழுதும் ஆணை 1922இல் பிறந்ததும் அவர்தம் முயற்சியாலேயே. பெயரில் தொடங்கிய மாற்றம் பந்திக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஒரே உலை, ஒரே வரிசை

அதே சேரன்மாதேவியைப் பற்றி இன்னொரு செய்தியும் மக்கள் வழக்கில் உண்டு. முதலமைச்சர் காமராசர் காரில் வந்துகொண்டிருந்தபோது இரயில்வே கேட் அடைத்திருந்ததாம். இறங்கி நின்றவர், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, 'பள்ளிக்கூடம் போகவில்லையா?' என்று கேட்டாராம். 'போனால் சோறு கிடைக்குமா?' என்று பையன் திருப்பிக் கேட்டானாம். மதிய உணவுத் திட்டத்தின் வித்து அதுவே என்பார்கள். செவிவழிச் செய்திதான், ஆயினும் அக்காலத்துச் சிற்றூர்ப் பிள்ளையின் நிலைக்கு அதனினும் தெளிவான சொல் இல்லை.

வரலாறு கூறுவது இது. தந்தையின் தொழிலைப் பிள்ளை அரைநாள் கற்கட்டும் என்று 1953இல் வந்த திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் கைவிடப்பட்டது. அத்திட்டம் நிலைத்திருந்தால் வயலுக்கும், தோலுக்கும், துடைப்பத்துக்குமே நம் பிள்ளைகள் திரும்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். பின்னர் 1956இல், அந்நாளில் நம் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னர்க் கலைஞர் காலத்தில் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

இத்திட்டத்தால் பசி தீர்ந்தது என்று மட்டும் பலர் கூறுவர். என் கணக்கில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. பல சாதிப் பிள்ளைகள் ஒரே உலைச் சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பழக்கம், இந்நாட்டின் சிற்றூர்களில் பள்ளித் திண்ணையில்தான் பிறந்தது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அது பிறக்கவில்லை. ஆகவேதான் அதன்மேல் கல்லெறிவோரும் உளர். மதிய உணவு சமைக்கும் பணியில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2004இல் கூறிற்று. ஆயினும் 2023 செப்டம்பரில், திட்டம் பிறந்த அந்த எட்டயபுரம் வட்டாரத்திலேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியில், நம் பெண்மணி ஒருவர் சமைத்த காலை உணவைச் சில பிள்ளைகள் உண்ண மறுத்தனர். பிள்ளைகளா மறுத்தனர்? 'உண்ணாதே' என்று வீட்டில் கற்பித்ததைப் பிள்ளைகள் ஒப்பித்தனர். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் வந்து அப்பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். ஒருநாள் அமர்ந்து உண்டது நன்று; நாள்தோறும் அமர்ந்து உண்ணச் செய்வதே பள்ளியின் பணி.

கையில் கட்டிய கயிறு

இப்போது நம் வயிற்றில் நெருப்பாய் இருக்கும் செய்திக்கு வருகின்றேன். 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளை ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அம்மாணவன் மருத்துவமனையிலிருந்து மீண்டு, மறு ஆண்டு தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினான் என்பதை எண்ணி நாம் தலை நிமிர்கின்றோம். ஆயினும் ஒரு தலைமையாசிரியனாய் என்னை உறங்கவிடாதது மற்றைக் கேள்வி. அரிவாளை எடுத்தவர்களும் பிள்ளைகளே அல்லரோ? அவர்கள் கையில் அதனைக் கொடுத்தது எது?

அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள், 2024 சூன் திங்களில் தம் அறிக்கையை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும். பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்க வேண்டும். வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படியே மாணவரை அமர்த்த வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைத்தார். உற்று நோக்குங்கள்: 'நான் எங்கே உட்கார வேண்டும்?' என்னும் நம் பிள்ளையின் கேள்விக்கு, அகர வரிசை என்னும் எளிய விடை அங்கே கிடைக்கின்றது. அதற்கு அரசாணை வரும்வரை எந்த ஆசிரியரும் காத்திருக்க வேண்டுவதில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் போதும்.

இவ்விடத்தில் இளைஞர்களிடம் ஒரு சொல். பிறர் பிள்ளைகள் கயிறு கட்டுகின்றார்கள் என்று நாமும் ஒரு நிறத்தைத் தேடிக் கட்டத் தொடங்கியிருக்கின்றோம். அவர்கள் பாட்டுப் போட்டால் நாமும் போட்டியாய்ப் போடுகின்றோம். கைப்பேசியில் அவர்கள் ஒன்று எழுதினால் நாம் இரண்டு எழுதுகின்றோம். இது தன்மானம் போலத் தோன்றும். ஆனால் சாதியை ஒழிக்கப் பிறந்த இயக்கத்தின் பிள்ளைகள் சாதிக்கு அடையாளம் கட்டிக்கொள்வது, நோயைத் தீர்க்க வந்தவன் நோயையே அணிந்துகொள்வது போன்றதாகும். மணிக்கட்டில் எந்த நிறமும் இல்லாத கையே மை பிடிக்கும் கை. அச்சுறுத்தலோ இழிசொல்லோ நேர்ந்தால், உடனே எழுத்தில் முறையிடுங்கள். தலைமையாசிரியரிடம் ஒன்று, சங்கத்திடம் ஒரு நகல். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குக் காவலாய் இருக்கின்றது. தெருச் சண்டைக்கு நாம் ஒரு பிள்ளையை இழந்தால், எதிரிக்கு அது வெற்றி. நமக்கு இருபதாண்டு உழைப்பு வீண்.

வீடு என்னும் முதற்பள்ளி

பள்ளியைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் பேசிவிட்டேன். இனி நம் வீட்டுக்குள் வருவோம். 'நான் படிக்காதவள், என் பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?' என்று கேட்கும் தாய்மார்களுக்காகவே இப்பகுதி.

பிள்ளையின் மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள்ளாகவே நிகழ்ந்துவிடுகின்றது. ஆகவே கல்வி ஒன்றாம் வகுப்பில் தொடங்குவதில்லை. தாயின் கருவிலேயே தொடங்குகின்றது. கருவுற்ற பெண் இரத்தச் சோகையோடு நாற்று நட்டுக்கொண்டிருந்தால், பிறக்கும் பிள்ளை எடை குறைந்து பிறக்கும். முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் குழைந்த சோறும், பருப்பும், கீரையும், முட்டையும் வேண்டும். கடையில் வாங்கும் பொட்டலத் தின்பண்டம் பசியை அடக்கும், உடலை வளர்க்காது. ஊரில் அங்கன்வாடி இருக்கின்றது. 1975 முதல் நடந்துவரும் திட்டம் அது. அங்கே சத்துமாவு கிடைக்கின்றது, எடை பார்க்கின்றார்கள், தடுப்பூசிக்கு வழி சொல்கின்றார்கள். 'பால்வாடிதானே' என்று அலட்சியமாய் இராதீர்கள்.

அடுத்தது பேச்சு. பிள்ளையோடு பேசிக்கொண்டே இருங்கள். சோறு ஊட்டும்போது கைப்பேசியைக் காட்டாமல், நிலாவையும், காக்கையையும், ஆற்றில் ஓடும் வெள்ளத்தையும் காட்டுங்கள். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் எத்தனை ஆயிரம் சொற்கள் இருந்தன! பல்லாங்குழியிலும் தாயத்திலும் எண்ணும், கூட்டலும், கழித்தலும் அடங்கியிருந்தன. மேனாட்டார் விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுக் கருவிகளின் வேலையை நம் புளியமுத்தும் சோழியும் செய்தன. எழுத்தறியாத தாயும் இவற்றைச் செய்ய முடியும்.

பள்ளிப் பருவத்தில் தாயும் தந்தையும் செய்யத்தக்கவை சில உண்டு. என் பள்ளியில் படித்த ஒரு மாணவனின் தாயார் பீடி சுற்றுபவர். மாலையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, 'இன்னைக்கு என்ன எழுதுன? அதை எனக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு, ஐயா' என்பார். மகன் வாசிப்பான். அவர் இலையை நறுக்கிக்கொண்டே கேட்பார். வாசிப்பு தடைப்பட்டால், 'அந்த இடத்துல ஏன் நின்ன?' என்று மட்டும் கேட்பார். அவ்வளவே. ஒரு நாள் என்னிடம், 'நான் கைநாட்டு, சார். அவன் சரியா வாசிக்கிறானான்னு எனக்குத் தெரியாது. ஆனா நின்னா தெரியும்' என்றார். ஆசிரியப் பயிற்சியில் நான் படித்த எந்த முறைக்கும் அது குறைந்ததன்று. கேட்பதற்கு ஒருவர் இருக்கின்றார் என்னும் எண்ணமே பிள்ளையைப் படிக்க வைக்கும்.

'அடியாத மாடு படியாது' என்பார்கள். பழமொழி மாட்டைத்தான் கூறிற்று, பிள்ளையைக் கூறவில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடித்தலைத் தடை செய்துள்ளது. வீட்டிலும் அத்தடையை நாமே விதித்துக்கொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாய்ப் பிறரிடம் அடிபட்ட மக்கள் நாம். அவ்வடியை நம் பிள்ளையின் முதுகில் நாமே தொடர்வது முறையா? அதுபோலவே, 'இது மண்டு, இதற்குப் படிப்பு ஏறாது' என்று பிள்ளையின் முன்னே கூறாதீர்கள். இச்சொல்லைக் கூற ஊரில் வேறு ஆட்கள் இருக்கின்றார்கள். படிப்பு ஏறாத பிள்ளை என்று என்னிடம் கொணரப்பட்டவர்களுள் சிலர்க்குக் கண்ணாடி போட்டவுடன் படிப்பு ஏறிற்று. சிலர்க்குக் காதுச் சீழுக்கு மருந்து போட்டவுடன் ஏறிற்று. சிலர்க்குக் குடற்பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் உதவின. கரும்பலகை தெரியாத பிள்ளையை அறிவு இல்லாத பிள்ளை என்று கருதிவிடாதீர்கள்.

கார் நடுகையிலும், பிசான அறுப்பிலும், செங்கற்சூளைக் காலத்திலும் வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வட்டங்கள் கூடுகின்றன. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் நிற்கின்றாள். முன்பணம் வாங்கிய குடும்பம் சூளைக்குப் போகும்போது பிள்ளைகளும் உடன் போகின்றார்கள். ஒரு வாரம் விடுபட்ட பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு விடுபடுகின்றது. வகுத்தல் விடுபட்டால் பின்னம் புரியாது. பின்னம் புரியாத பிள்ளை எட்டாம் வகுப்பில் கணக்கை வெறுக்கும். பத்தாம் வகுப்பில் பள்ளியையே வெறுக்கும். அன்றைய கூலிக்காக நிறுத்திய ஒரு வாரத்தின் விலை இவ்வளவு. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம்.

பெண்மக்கள்

பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று இன்று நேராகக் கேட்பவர் குறைந்துவிட்டனர். ஆனால் மறைமுகமாகக் கேட்கின்றோம். மகன் படிக்க உட்கார்ந்தால் விளக்குப் போடுகின்றோம். மகள் உட்கார்ந்தால் தண்ணீர் எடுத்துவரச் சொல்கின்றோம். பூப்படைந்தவுடன் கடன் வாங்கிச் சடங்கு வைக்கின்றோம். பந்தல், பாட்டுச் செட்டு, தெரு முழுவதும் பிளக்ஸ். அக்கடனை அடைக்க அதே பெண் பீடித் தட்டின்முன் உட்காருகின்றாள். அச்செலவில் அவள் பட்டப்படிப்பின் பெரும்பகுதியை முடித்திருக்கலாம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்க அரசு முற்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் 2021இல் விரிந்தது. கல்வி உதவித்தொகையும், முதல் தலைமுறைப் பட்டதாரிக்குரிய கட்டணச் சலுகையும் உண்டு. இவற்றையெல்லாம் பெறுவதற்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவை முன்கூட்டியே ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பொருநைக் கரையில் பல வீடுகளில் புத்தகங்களும் சான்றிதழ்களும் நீரோடு போயின. ஆகவே எல்லாச் சான்றுக்கும் நகலெடுத்து, ஒரு தொகுதியைச் சங்கத்தின் பீரோவில் வைத்துவிடுங்கள்.

சங்கம் செய்யத்தக்கவை

முடிக்குமுன் சங்கத்திற்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, மாலை ஆறு முதல் எட்டு வரை நம் தெருவின் சமுதாயக் கூடத்தில் ஒரு படிப்பகம். நல்ல விளக்கு, பாய், குடிநீர், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுள் இருவர்; இவை போதும். ஓர் அறை வீட்டில், தொலைக்காட்சிக்கும் அடுப்புக்கும் நடுவே படிக்கும் பிள்ளைக்கு இதனினும் பெரிய உதவி இல்லை. அங்கே எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் பாய் விரியுங்கள். நம் வாசலில் யாருக்கும் தனிப் பாய் வேண்டாம்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்நாற்காலிகளில் நம் தாய்மார்கள் அமர வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வருகின்றதா, கழிப்பறையைத் தூய்மை செய்ய நம் பிள்ளைகளை மட்டும் ஏவுகின்றார்களா, பந்தி ஒன்றாய் நடக்கின்றதா, இவற்றைக் கேட்கும் உரிமை அந்நாற்காலிக்கு உண்டு. அஞ்சாமல் கேளுங்கள், அதே வேளையில் மரியாதையோடு கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கின்றார்கள்; கேட்கும் பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் வலிமை.

மூன்றாவது, பள்ளியை விட்டு நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்க உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பெயரை எழுதி வையுங்கள். அப்பிள்ளை மீண்டும் பள்ளிக்கோ, தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ சென்று சேரும்வரை அப்பெயரை அடிக்காதீர்கள்.

நான்காவது, படித்து வேலைக்குச் சென்ற நம்மவர்கள். பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் வீடு கட்டிக்கொண்டு, ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கி வாழ்வோர் உளர். அவர்களைப் பழிக்க நான் முற்படவில்லை. அத்தயக்கத்துக்கும் அந்தப் பழைய சாக்கே காரணம். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து, இப்பிள்ளைகளின் முன் நின்று, 'நானும் இத்தெருதான்' என்று கூறிவிட்டுச் செல்லுங்கள். நன்கொடையினும் அது பெரிது. அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்கும் நட்டு வைத்தவர் அவர்.

பெரியோர்களே, 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்பது நம் வழக்கம். நம் பிள்ளைகள் வளைந்தது போதும். ஐந்திலேயே நிமிர்ந்து உட்காரக் கற்ற பிள்ளை, ஐம்பதிலும் நிமிர்ந்தே நடக்கும். முதல் வரிசையில் உட்கார அஞ்சாத பிள்ளையை வீடு வளர்த்து அனுப்பட்டும். அவ்வரிசையில் அப்பிள்ளைக்கு இடம் இருப்பதைப் பள்ளி உறுதி செய்யட்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சங்கம் காவல் செய்யட்டும்.

நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இன்று என் எதிரே தரையில் அமர்ந்திருக்கும் இச்சிறுமியருள் ஒருத்தி இம்மேடையில் தலைமை தாங்குவாள் என்று நம்புகின்றேன். அவ்விழாவின் விருந்தில் எல்லாத் தெருவினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நிலையும் வந்திருக்க வேண்டும் என்று விழைகின்றேன்.